திரும்பி வரும்போதுதான் கை தவறுகிறது

பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடிக்க விரல் போகும் வழி இது: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதே சொல்லை யூனிகோட்டில் உச்சரிப்பு முறையில் அடித்தால் ஏ, எம், எம், ஏ, ஏ. எம் விசை அங்கே ‘அ’, இங்கே ‘ம’. கே விசை அங்கே ‘ம’, இங்கே ‘க’. கிளிநொச்சி, வவுனியா, புதுக்குடியிருப்பு என்று எந்தப் பட்டினத்திலும் தட்டச்சு வேலை எடுக்கும் போட்டோகொப்பிக் கடைகளில் இந்த இரண்டும் ஒரே மேசையில் நடக்கின்றன. கல்யாணக் கார்ட்டும் கண்ணீர் அஞ்சலியும் பாமினியில். மின்னஞ்சலில் போக வேண்டிய கடிதமும் ஒன்லைன் விண்ணப்பமும் யூனிகோட்டில். ஆள் ஒன்று, கதிரை ஒன்று, விசைப்பலகையும் ஒன்று.

பாமினியில் பதினைந்து வருடம் ஓடிய கைக்கு யூனிகோட் புதிது. அதற்கு மாறும்போது வேகம் விழும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தபடியால் மெதுவாக அடிப்பார்கள், ஒவ்வொரு சொல்லையும் திரையில் பார்ப்பார்கள், பிழை வந்தால் உடனே திருத்துவார்கள். அரை மணித்தியாலம் கழித்துப் பாமினிக்குத் திரும்பும்போது அந்தக் கவனம் இருக்காது. பழகின வேலைதானே என்று கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், திரையில் இராது. அந்த முதல் இரண்டு வரியில்தான் பிழை விழுகிறது.

எப்படி விழுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பாமினியில் ‘கொ’ அடிக்க முதலில் கொம்பு (ெ), பிறகு ‘க’, பிறகு அரவு (ா). கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கிலேயே கை போகும். யூனிகோட்டில் முதலில் மெய், பிறகு உயிர். அரை மணித்தியாலம் மெய்யை முதலில் அடித்துப் பழகிய கை பாமினிக்கு வந்தும் ‘க’வை முந்தி அடித்துவிடும். கொம்பு அடுத்த எழுத்தின் தலைமாட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். பாமினிக் கோப்பில் எழுத்துப்பிழையைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்ட ஒன்றுமில்லை, ஏனென்றால் கணினிக்கு அது தமிழே இல்லை, வெறும் ஆங்கில எழுத்துகள். கண்ணீர் அஞ்சலியில் மருமக்கள் பெயர் வரிசையில் அப்படியொரு கொம்பு இடம் மாறி ஐந்நூறு பிரதி அச்சாகிவிட்டால் பிறகு யாரிடம் போய் என்ன சொல்வது? இழவு வீட்டில் மன்னிப்புக் கேட்பதை விட இரண்டு வரியை மெதுவாக அடிப்பது மிகச் சுலபம்.

இது தட்டச்சுக்காரரின் சோம்பல் என்று நினைப்பது தவறு. மூளை இப்படித்தான் வேலை செய்கிறது என்பதற்கு நல்ல பரிசோதனைகள் இருக்கின்றன. 1994இல் உளவியலாளர் அலன் ஆல்போர்ட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் நிறச் சொற்களை வைத்து ஒன்று செய்தார்கள். ‘சிவப்பு’ என்ற சொல் நீல மையில் எழுதியிருக்கும் என்று வையுங்கள். சொல்லை வாசிப்பது சின்ன வயதிலிருந்து பழகிய வேலை. மையின் நிறத்தைச் சொல்வது பழகாத வேலை. இரண்டையும் மாறி மாறிச் செய்யச் சொன்னால், பழகாததற்கு மாறும்போது கூடத் தடங்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். நடந்தது மறுவளம். நிறம் சொல்லிவிட்டு வாசிப்புக்குத் திரும்பியபோதுதான் தாமதம் கூட. 1999இல் ரெனாட்டா மியூட்டரும் ஆல்போர்ட்டும் இரண்டு மொழி தெரிந்தவர்களை வைத்து இலக்கங்களைச் சொல்லச் சொன்னார்கள். அங்கேயும் அதுவே: இரண்டாம் மொழியிலிருந்து தாய்மொழிக்குத் திரும்பும் அடி, தாய்மொழியிலிருந்து போகும் அடியை விடக் கனமாக இருந்தது. சிங்களத்தில் வந்த சுற்றறிக்கையை வாசித்துக்கொண்டிருக்கும் உத்தியோகத்தர், யன்னலில் நிற்கும் அம்மாவுக்குத் தமிழில் பதில் சொல்லும்போது முதல் வசனத்தில் தடுமாறுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அவருக்குத் தமிழ் மறந்துவிட்டது என்று யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை.

காரணத்தை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. பழகிய வேலை பலமானது. கூப்பிடாமலே முன்னுக்கு வந்து நிற்கும். பழகாத வேலையைச் செய்ய வேண்டுமானால் பழகியதைப் பிடித்து அமத்தி வைக்க வேண்டும். வாய்க்காலுக்குப் பலகை போட்டு மறித்த மாதிரி. திரும்ப வரும்போது பலகையைத் தூக்கினாலும் தண்ணீர் கடைசி வயலுக்கு வர நேரம் எடுக்கும். பலவீனமான வேலையை அமத்துவதற்கு அவ்வளவு பலம் தேவையில்லை, ஆகவே அந்தப் பக்கம் போகும்போது இந்தச் சுமை குறைவு.

ஆனால் புதிய வேலைக்குப் போவது மலிவு என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. ரூபின்ஸ்டைன், மேயர், எவன்ஸ் மூவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில் விதிகள் சிக்கலாகச் சிக்கலாகவும், வேலை புதிதாகப் புதிதாகவும் மாறுவதற்குப் பிடிக்கும் நேரம் கூடியது. புதிய வேலையின் விதிகளை ஒவ்வொன்றாக நினைவில் ஏற்ற வேண்டியிருப்பதால் வருகிற செலவு அது. இரண்டும் வேறு வேறு செலவு. ஒரே விசை, ஒரே நெம்பு, ஒரே படிவம் இரண்டு வேலைக்கும் பொதுவாக இருந்து, பழையது புதியதோடு மல்லுக்கட்டும் இடத்தில் திரும்பி வரும் செலவு பெரிது. விதிகள் நிறைய இருந்து, கை இன்னும் படியாத இடத்தில் போகும் செலவு பெரிது. போகும்போது நேரம் போகும். வரும்போது பிழை வரும். என் அனுபவத்தில் இந்தப் பிரிப்பை மனதில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் நாங்கள் எல்லோரும் காவல் போடுவது போகும் வழியில் மட்டும்.

நம்பாதவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆர்தர் ஜெர்சில்ட் 1927இலேயே செய்த பரிசோதனைதான், ஒரு கொப்பித் தாளும் போனில் உள்ள நிறுத்துக் கடிகாரமும் போதும். 20 முதல் 99 வரையான ஈரிலக்க எண்களை இருபது இருபதாக நான்கு நிரல் எழுதுங்கள், ஒரே எண்ணை இரண்டாம் தரம் எழுதாமல். முதல் நிரலில் ஒவ்வொன்றுக்கும் 3 கூட்டி வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டாம் நிரலில் ஒவ்வொன்றிலும் 3 கழியுங்கள். மூன்றாம் நிரலில் ஒன்றுக்குக் கூட்டல், அடுத்ததற்குக் கழித்தல் என்று மாறி மாறி. எண்ணுக்குப் பக்கத்தில் அடையாளம் எதுவும் போடக் கூடாது. மூன்றுக்கும் எடுத்த செக்கன்களைக் குறியுங்கள். முதல் இரண்டின் சராசரியை மூன்றாவதிலிருந்து கழித்து, வருவதை 19ஆல் பிரித்தால் ஒரு தடவை மாறுவதற்கு உங்களுக்கு என்ன விலை என்று வரும். இருபது எண்ணில் மாற்றம் பத்தொன்பதுதான்.

இனி நான்காம் நிரல். இதில் எண்ணுக்குப் பக்கத்தில் சக (+), சய (−) அடையாளங்களை எழுதிவிட்டு அதே மாதிரி மாறி மாறிச் செய்யுங்கள். இடைவெளி குறையும். 1976இல் ஸ்பெக்டரும் பீடர்மனும் காட்டியது இதைத்தான்: இப்போது எந்த வேலை என்பதை மனம் தாங்குவதற்குப் பதில் தாள் தாங்கினால் மாறும் விலை இறங்கும். பரிசோதனை பிழைப்பது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். பக்கத்தில் யாராவது கதைப்பது ஒன்று. நிரல்களை எப்போதும் ஒரே ஒழுங்கில் செய்வது மற்றது, கடைசி நிரலுக்கு வரும்போது கை சூடேறியிருக்கும். ஆகவே அடுத்த நாள் புதிய எண்களோடு ஒழுங்கை மாற்றிச் செய்து இரண்டு நாளையும் சராசரி எடுங்கள். க.பொ.த. சாதாரண தரப் பிள்ளைகளை வைத்துச் செய்தால் அவர்களுக்குச் சராசரி கணிக்கவும் ஒரு நல்ல பயிற்சி.

லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஓட்டுகிறவர்களுக்கு இதைவிடக் கொடிய உதாரணம் தெரியும். கைபிடிக்குக் கீழே இரண்டு திருப்பும் நெம்புகள். சமதரையில் இடது நெம்பைப் பிடித்தால் இடது சில்லுக்கு எஞ்சினோடு உள்ள தொடுப்பு விட்டுவிடும், வலது சில்லு தள்ளும், வண்டி இடது பக்கம் திரும்பும். வயலில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை இதையே செய்த கை. இப்போது அதே வண்டி பெட்டியும் பூட்டிக்கொண்டு குளக்கட்டிலிருந்து சரிவில் இறங்குகிறது. இறக்கத்தில் எஞ்சின் சில்லுகளைத் தள்ளுவதில்லை, பிடித்து வைத்திருக்கிறது. இடது நெம்பைப் பிடித்தவுடன் இடது சில்லு பிடி விட்டு ஓடும், வலது சில்லு மட்டும் பிடியில் நிற்கும், வண்டி வலது பக்கம் திரும்பும். அதே கை, அதே நெம்பு, எதிர்த் திசை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பள்ளம். பயந்த கை நெம்பை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், வண்டி இன்னும் பிழையான பக்கம் போகும்.

‘இறக்கத்தில் மறுவளமாகப் பிடி’ என்று சிலர் சொல்லிக் கொடுப்பார்கள். அது நல்ல அறிவுரை இல்லை. சரிவு முடிந்து சமதரை வரும் இடத்தில் அந்த விதி மறுபடி மாறும், அந்த எல்லை எங்கே என்று கோடு போட்டு வைத்திருப்பதில்லை. சரியான முறை நெம்பைத் தொடாமல் இறங்குவது. கட்டின் மேல், இறங்குவதற்கு முன் நிறுத்த வேண்டும். குறைந்த கியருக்குப் போட வேண்டும், இறங்கும் வழியில் கியர் மாற்றவோ பிரதான கிளச்சைப் பிடிக்கவோ கூடாது. விரல்களை நெம்பிலிருந்து எடுத்து, கைபிடியை உடம்பால் தள்ளித் திருப்ப வேண்டும். கீழே வந்து முழுதாகச் சமதரையில் பத்து அடி ஓடிய பிறகுதான் விரல் நெம்புக்குத் திரும்பலாம். பழகுநருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது வெறும் வண்டியில், உயரம் குறைந்த வரம்புச் சரிவில், பத்துத் தடவையாவது ஏறி இறங்க வையுங்கள். பெட்டி பூட்டுவது அதற்குப் பிறகு.

மோட்டார் சைக்கிளிலும் சின்ன அளவில் இதுவே. எல்லாக் கியரும் ஒரே பக்கம் மிதிக்கும் வண்டி ஓட்டிப் பழகியவர், முதலாவது கீழே மற்றவை மேலே உள்ள வண்டியை இரவல் வாங்கி ஓடினால், கியர் கூட்டுவதாக நினைத்துக் குறைத்துப் பின் சில்லைப் பூட்டிவிடுவார். இரவல் வண்டியை முதல் ஐந்து நிமிடம் ஒழுங்கையில் ஓட்டிப் பாருங்கள். ஏ9 பெருந்தெருவுக்கு ஏறுவது பிறகு. சொந்த வண்டிக்குத் திரும்பின பிறகும் அதே ஐந்து நிமிடம். இரண்டாவதை யாரும் செய்வதில்லை.

வயலில் நடக்கும் இன்னொரு வகை, இடையில் வேலை குறுக்கிடுவது. முதுகில் போடும் 16 லீற்றர் தெளிகருவியை எடுங்கள். பாதிக்குத் தண்ணீர், மருந்தை அளந்து ஊற்றல், கலக்கல், மீதித் தண்ணீர், மூடி. ஐந்து படி. மருந்து ஊற்றிய கையோடு போன் அடிக்கிறது. ‘பிறகு எடுக்கிறன்’ என்று சொல்ல மூன்று நான்கு செக்கன் போதும். திரும்பிப் பார்த்தால் தாங்கியில் வெள்ளைத் தண்ணீர். இந்தத் தாங்கிக்கு ஊற்றியாயிற்றா, முந்தின தாங்கியின் மிச்சமா? 2014இல் எரிக் அல்ட்மனும் மற்றவர்களும் ஒழுங்காகப் படிப்படியாகச் செய்ய வேண்டிய ஒரு வேலையை இடையில் குறுக்கிட்டுப் பார்த்தார்கள். சராசரி 2.8 செக்கன் குறுக்கீடு படி தவறும் பிழையை இரண்டு மடங்காக்கியது, 4.4 செக்கன் மூன்று மடங்காக்கியது. வேலையைச் செய்யத் தெரியாமல் அவர்கள் பிழை விடவில்லை, எந்தப் படியில் நின்றோம் என்ற இடம்தான் தொலைந்தது.

இடத்தை மனதில் வைக்காமல் பொருளில் வைப்பதுதான் வழி. அளவுச் சாடியை, ஊற்றியவுடன் கழுவி அந்தத் தண்ணீரையும் தாங்கிக்குள் விட்டு, கவிழ்த்து வையுங்கள். நிமிர்ந்திருந்தால் ஊற்றவில்லை, கவிழ்ந்திருந்தால் ஊற்றியாயிற்று. எத்தனையாவது தாங்கி என்பதற்கு வரம்பில் கல். தாங்கியை முதுகில் ஏற்றும் நேரத்தில் ஒரு கல், முன்னும் இல்லை பின்னும் இல்லை. போன் கொட்டிலில் இருக்கட்டும். சூட்டுக் களத்தில் நெல் அளக்கிறவர் எண்ணிக்கையை இராகமாகச் சொல்லிக்கொண்டே அளப்பதும், யாராவது குறுக்கே கேட்டால் அந்த எண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு கையால் மறித்துக் காட்டுவதும் இதே அறிவுதான். இடத்தைக் குரலில் கட்டி வைத்திருக்கிறார்.

அளவைகளும் அப்படி. விதை நெல் ஏக்கருக்கு இரண்டு புசல் என்று வாயில் வரும். விவசாயத் துண்டுப் பிரசுரத்தில் ஹெக்டேயருக்கு இத்தனை கிலோ என்று இருக்கும். ஒரு புசல் கிட்டத்தட்ட 21 கிலோ, ஒரு ஹெக்டேயர் 2.47 ஏக்கர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்குப் பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். கணக்கு ஒன்றும் பெரிதில்லை. விதைப்பு நாள் காலையில், கூலியாட்கள் நிற்க, மழை இருட்டிக்கொண்டு வர, ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போய்த் திரும்பி வருவதுதான் பிழைக்கிறது. முதல் நாள் இரவே உங்கள் காணிக்கான கணக்கை உங்கள் அளவையில் மட்டும், ஒரே ஒரு வரியாக எழுதி, விதைச் சாக்கில் குத்தி வையுங்கள்.

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் அந்தத் தடையைத் திருப்பி எடுத்தது. விளைச்சல் விழுந்ததைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். கையில் நடந்ததைப் பற்றி அதிகம் பேச்சில்லை. யூரியா வீசுகிறவருக்கு ஒரு கைப்பிடி எவ்வளவு, அது எத்தனை எட்டுக்குப் போகும் என்பது உடம்பில் இருக்கும் கணக்கு. கூட்டெருவுக்கு அந்தக் கைப்பிடி உதவாது, அது தொன் கணக்கில் போடுவது. ஒரு போகத்துக்கு நடுவே கூட்டெருவுக்குப் போகச் சொல்லிவிட்டு, அடுத்த போகத்தில் திரும்பவும் வரச் சொன்னதில் இரண்டு செலவையும் விவசாயியே கட்டினார். அது எனக்கு இன்றைக்கும் கோபம் தருகிற விடயம்.

தட்டச்சு மேசைக்கு வருவோம். பாமினி வேலைகளை ஒரு கட்டாகவும் யூனிகோட் வேலைகளை ஒரு கட்டாகவும் சேர்த்து வைத்து, ஒரு நாளில் மாறும் தடவையைக் குறைப்பதுதான் முதல் வேலை. ரொஜேர்ஸும் மொன்செலும் 1995இல் காட்டியபடி, ஒரே வேலையைத் தொடர்ந்து நான்கு தரம் செய்யவிட்டால் மாறிய செலவு முதலாவதில்தான் விழுகிறது. அதே ஆய்வில், மாறப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்து ஒரு செக்கனுக்கு மேல் ஆயத்தப்பட நேரம் கொடுத்தும் செலவின் ஒரு பகுதி மிஞ்சியது. அதாவது மனதை மட்டும் ஆயத்தப்படுத்திப் போதாது, கை ஒரு தரமாவது செய்ய வேண்டும். ஆகவே பாமினிக்குத் திரும்பியதும் வெற்றுத் தாளில் ஐந்தாறு சொல் அடித்து அழியுங்கள். ‘அம்மா’, ‘கொடி’, ‘கேணி’, ‘இலங்கை’, ‘தமிழ்’ நல்ல தெரிவு: கொம்பும் இரட்டைக் கொம்பும் ஐகாரமும் புள்ளியும் வந்துவிடும். அரை நிமிட வேலை. வசதி இருந்தால் விலை குறைந்த இரண்டாவது விசைப்பலகை ஒன்றை வாங்கி, வேறு நிறத்தில், ஒன்றைப் பாமினிக்கும் ஒன்றை யூனிகோட்டுக்கும் என்று ஒதுக்குங்கள். நான்காம் நிரலில் எழுதிய சக, சய அடையாளம் செய்த வேலையை அது செய்யும்.

ஒரு விலக்கு உண்டு. படிக்கும்போது மாற்றி மாற்றிச் செய்வது நட்டமில்லை. 2007இல் ரோரரும் டெய்லரும் மாணவர்களுக்குத் திண்மங்களின் கனவளவு கணக்குகளைக் கொடுத்தார்கள். ஒரே வகையை அடுக்காகச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 வீதம் சரி, கலந்து செய்தவர்கள் 60 வீதம். ஒரு கிழமை கழித்து வைத்த சோதனையில் அடுக்காகச் செய்தவர்கள் 20 வீதம், கலந்து செய்தவர்கள் 63 வீதம். எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று தெரிவு செய்வதையும் கலந்து செய்தவர்கள் பழகியிருந்தார்கள். ஆகவே கை பழக வேண்டிய நாட்களில் கலந்து செய்யுங்கள், தட்டச்சுப் பழகும் பிள்ளைக்கும் அப்படியே கொடுங்கள். ஓடர் கொடுக்க வேண்டிய நாளில் கலக்க வேண்டாம்.

கலக்காமல் இருக்க முடியாத நாளும் வரும். பாதி அஞ்சலியில் இருக்கும்போது வேலை விண்ணப்பத்தோடு ஒரு தம்பி வந்து நிற்பான், இன்றைக்கு முடிவுத் திகதி. சோஃபி லெரோயும் தெரேசா குளோம்பும் 2018இல் எழுதியது இப்படியான நேரத்துக்குத்தான்: எழும்புவதற்கு முன், எங்கே நின்றேன், திரும்பி வந்தவுடன் முதலில் என்ன செய்வேன் என்று ஒரு நிமிடத்துக்குள் எழுதி வைத்தவர்களின் கவனம் பழைய வேலையில் குறைவாகவே ஒட்டிக்கொண்டு நின்றது. தம்பியைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு, ஒட்டும் தாளில் இப்படி எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டுங்கள்: ‘அஞ்சலி. பாமினி. மருமக்கள் வரிசை, மூன்றாவது பெயர் முடிந்தது. வந்ததும் ஐந்து சொல் அடித்து அழி. பிறகு மூன்றாவது பெயரை எழுத்தெழுத்தாகப் பார். நாலாவது பெயரில் தொடங்கு.’